பேஸ்புக் பக்கத்தை மட்டும் நம்பி வியாபாரம் செய்யலாமா?

கேள்வி: வெள்ளவத்தையாள்

அன்பின் உறவுகளுக்கு வணக்கம். என் அண்ணி வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே மிளகாய்த்தூள், ஒடியல் மா, மோர் மிளகாய், பருத்தித்துறை வடை முதலியவற்றைச் செய்து பொதியிட்டு விற்கிறார். ஓடர்கள் எல்லாம் பேஸ்புக் பக்கத்தின் ஊடாகவும் வட்ஸ்அப் ஊடாகவுமே வருகின்றன. அவற்றில் பெரும்பகுதி, கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் கொழும்பிலுள்ள தாய் தகப்பனுக்காகக் கொடுப்பவை. அண்மையில் அவருக்குத் தெரிந்த ஒரு தையல்காரப் பெண், பதிப்புரிமை மீறியதாக முறைப்பாடு வந்திருக்கிறது என்று மிரட்டிய போலிச் செய்தியை நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட, அவருடைய பக்கமே கைவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து அண்ணிக்கும் பயம். இணையத்தளம் செய்து தருவதாகச் சொல்லும் ஒருவர், டொமைன் (தளத்தின் இணைய முகவரி), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சேவையக இடம்) எல்லாவற்றையும் தன்னுடைய கணக்கிலேயே எடுத்துப் பார்த்துக்கொள்வதாகக் கூறுகிறார். இவ்வளவு சிறிய வியாபாரத்துக்கு இணையத்தளம் தேவையா, தேவையென்றால் எதைக்கொண்டு செய்வது, வெளிநாட்டிலுள்ளவர்களிடமிருந்து காசை எப்படிப் பெறுவது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லுவீர்களா?

மறுமொழி 1: வலைமேசை

தளம் தேவையா என்பதை ஆறுதலாக யோசிக்கலாம். ஆனால் டொமைனைத் தன் கணக்கில் எடுத்துத் தருவதாக அவர் சொல்வதற்கு மட்டும் இன்றே மறுப்புச் சொல்லிவிடுங்கள். வீட்டைக் கட்டிய மேசனின் பெயரில் உறுதி எழுதுவதற்கு ஒப்பான காரியம் அது. நான் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால், எங்களில் சிலர் இப்படிச் செய்வது வாடிக்கையாளரின் வசதிக்காக அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அண்ணியின் பெயரில், அண்ணியே திறந்த மின்னஞ்சல் முகவரியில், அண்ணியின் அட்டையால் பணம் கட்டி டொமைனைப் பதியுங்கள். இலங்கைக்குரிய டொட் எல்கே (.lk) பெயர்களை 1990 ஆம் ஆண்டிலிருந்து எல்கே டொமைன் பதிவகம் நிர்வகித்து வருகிறது. அங்கே நேரடியாகவே பதியலாம். டொட் கொம் பெயரானாலும் இதே விதிதான். புதுப்பிக்கும் நினைவூட்டல் எந்த முகவரிக்கு வருகிறதோ அந்த முகவரிக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்புப் போட்டுவிடுங்கள். பேஸ்புக் கணக்குக்கும் அப்படியே. தையல்காரப் பெண்ணுக்கு நேர்ந்ததை அந்த இரண்டாவது அடுக்கு பெரும்பாலும் தடுத்திருக்கும்.

2010 இல் டொட் இலங்கை என்ற தமிழ் முகவரியும் கிடைத்தது. அதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். இருந்தாலும் அந்தப் பெயரில் மின்னஞ்சல் முகவரி வைத்தால் எத்தனையோ படிவங்கள் இன்னமும் அதை ஏற்காமல் தள்ளிவிடுகின்றன. ஆகவே அதை இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளலாம்.

இனி, பேஸ்புக்கை மட்டும் நம்புவதைப் பற்றி. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ 6 மணித்தியாலம் ஒன்றாகப் படுத்துவிட்டன. பராமரிப்பு வேலையின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் உள்வலையமைப்பைத் துண்டிக்க, அவர்களுடைய பெயர்ச் சேவையகங்களுக்கு (தள முகவரியை இயந்திர எண்ணாக மாற்றித் தருபவை) வழி காட்டும் அறிவிப்புகளே இணையத்திலிருந்து மறைந்துபோனதுதான் காரணம். கொழும்பில் அப்போது இரவு ஒன்பது மணி கடந்திருந்ததால் இங்கே பலர் அதை உணராமலே படுத்துவிட்டார்கள். ஆனால் டொரொன்டோவில் அது முற்பகல், லண்டனில் பின்னேரம், அதாவது உங்கள் அண்ணிக்கு ஓடர் கொடுப்பவர்கள் விழித்திருக்கும் நேரம். அதற்கும் மேலாக, நம் நாட்டிலேயே 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. முதல் இரண்டு தடவையும் தடை ஒரு வாரம் வரையோ அதற்கு மேலோ நீடித்தது. அந்த நாட்களில் சாதாரண இணையத்தளங்கள் திறந்துகொண்டுதான் இருந்தன. எனவே பொருட்களின் பட்டியல், விலை, தொலைபேசி எண் ஆகிய மூன்றும் உள்ள ஒரு பக்கமாவது சொந்த முகவரியில் இருக்கட்டும் என்பது என் கருத்து. பேஸ்புக்கை விடச் சொல்லவில்லை; அங்கே போடும் ஒவ்வொரு பதிவிலும் சொந்த முகவரியையும் போடுங்கள்.

எதைக்கொண்டு செய்வது என்றால், ஆயத்த இணையக் கடையாகவே கிடைக்கும் ஷொப்பிஃபை வசதியானது. ஆனால் மாதக் கட்டணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது, டொலரில் கட்டணம் கட்டிய சிறு வியாபாரிகள் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தவன். மேலும் அவர்களுடைய சொந்தக் கொடுப்பனவுச் சேவை இலங்கைக்கு இல்லாததால், வேறு சேவையை இணைத்தால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் கடையைச் சேர்க்கும் வூகொமர்ஸ் இலவசம், ஆனால் அதை இற்றைப்படுத்திக்கொண்டிருக்க ஆள் வேண்டும். விட்டுவிட்டால் சில மாதங்களில் யாராவது உள்ளே நுழைந்துவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு பொருட்களுக்கு இரண்டுமே அதிகம். சாதாரண எச்ரீஎம்எல் பக்கமொன்றும் (எழுத்தும் படமும் மட்டும் உள்ள எளிய இணையப் பக்கம்) அதில் ஒரு வட்ஸ்அப் பொத்தானும் போதும்.

மறுமொழி 2: கொட்டாஞ்சேனைக் கடை

வலைமேசை சொன்னதில் டொமைன் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். மற்றதில் எனக்குச் சற்று ஐயம். எங்கள் கடைக்கும் ஓர் இணையத்தளம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு அழைத்து, “அண்ணை, இதில போட்டிருக்கிற விலை சரிதானே?” என்று கேட்பவர்களே அதிகம். நம் ஆட்களுக்கு, அதிலும் சாப்பாட்டுச் சாமான் வாங்கும்போது, உறைப்புக் கூடவா குறையவா, எப்போது இடித்தது என்று ஒரு மனிதரிடம் கேட்டால்தான் திருப்தி. ஆகவே உழைப்பையும் காசையும் முதலில் வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் போடுங்கள். அதிலேயே படம், விலையோடு பொருட் பட்டியல் வைக்க இலவசமாக வசதி இருக்கிறது.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருப்பதாகவே நினைக்கிறேன். வாடிக்கையாளர்களின் பெயரும் எண்ணும் முகவரியும் அண்ணியின் ஒரே தொலைபேசிக்குள் மட்டும் இருந்தால், அந்தத் தொலைபேசி பஸ்ஸில் களவுபோகும் நாளில் வியாபாரமும் போய்விடும். ஒவ்வொரு ஞாயிறும் அவற்றை ஓர் எக்செல் தாளில் ஏற்றி வேறோர் இடத்திலும் வையுங்கள். அந்த எண்ணின் சிம் யாருடைய அடையாள அட்டையில் எடுக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். மருமகனின் பெயரில் எடுத்து, அவர் கட்டாருக்குப் போனபின் மாற்று சிம் எடுக்க முடியாமல் அலைந்த குடும்பங்கள் இருக்கின்றன.

மறுமொழி 3: கணக்குப்பிள்ளை

காசு பற்றி மட்டும் எழுதுகிறேன். இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவையான பேபாலில் இலங்கையிலிருந்து கணக்குத் திறந்து பணம் செலுத்தலாம். பெற முடியாது என்பதே பல ஆண்டுகளாக நம் தலைவிதியாக இருந்து வருகிறது. வெளிநாட்டில் உறவினர் ஒருவரின் பேபாலில் வாங்கி இங்கே மாற்றலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள், கணக்கு முடங்கினால் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்காது. பேஹியர் போன்ற உள்நாட்டுக் கொடுப்பனவு நுழைவாயில் (அட்டைப் பணத்தை இணையத்தில் வாங்கித் தரும் சேவை) ஒன்றில் பதிந்துகொண்டால், வெளிநாட்டு அட்டையிலிருந்தும் பணம் வரும். வியாபாரப் பதிவுச் சான்றிதழ் இல்லையென்றால் அதையும் இப்போதே எடுத்து வைப்பது நல்லது. உள்ளூர்க்காரர்களுக்கு, வங்கிச் செயலியால் ஸ்கேன் செய்து பணம் கட்டும் லங்கா கியூஆர் குறியீடும், சில நொடிகளில் போய்ச் சேரும் வங்கிப் பரிமாற்றமும் தாராளம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: பணம் போட்டுவிட்டதாக வட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷொட்டை நம்பிப் பொதியை அனுப்பாதீர்கள். திகதியையும் தொகையையும் மாற்றிய படங்கள் தாராளமாக உலவுகின்றன. வங்கிச் செயலியைத் திறந்து கணக்கில் காசு விழுந்திருக்கிறதா என்று பார்த்தபின்பே டெலிவரிக்குக் கொடுங்கள்.

வெள்ளவத்தையாள்

மூவருக்கும் மிக்க நன்றி. டொமைனை அண்ணியின் பெயரில்தான் எடுப்போம் என்று தளம் செய்து தருவதாகச் சொன்னவரிடம் சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு அவர் பதில் போடவில்லை! ஒரேயொரு கேள்வி மிச்சம். விலைப் பட்டியலை அச்சகத்துக்குக் கொடுப்பதற்காகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறோம். அதையே பக்கத்திலும் ஒட்டிவிடலாமா?

மறுமொழி 4: வலைமேசை

ஒட்ட வேண்டாம். பாமினியில் அடித்தது உங்கள் கணினியில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. யாராவது கூகுளில் “ஒடியல் மா கொழும்பு” என்று தேடினாலும் உங்கள் பக்கம் அகப்படாது. பாமினியிலிருந்து, எல்லாத் தொலைபேசிகளும் கணினிகளும் படிக்கும் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியபின் விலைகளையும் நிறைகளையும் ஒருமுறை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். குறியீடுகள் சில வேளைகளில் இடம் மாறிவிடும். அச்சகத்துக்குப் பழைய கோப்பையே கொடுத்துக்கொள்ளலாம்.