புதுப்பிப்பு: டையி போய் வந்தாச்சு

அலாஸ்காவில் ஸ்காக்வேயிலிருந்து பக்கத்துப் பழைய ஊரான டையிக்கு வாடகைக் காரில் போகலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? மண் ரோட்டில் ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருந்தார்கள், அதனால் டாக்சிதான். 1898-இல் கனடாவின் குளோண்டைக் பகுதியில் கிடைத்த தங்கத்துக்காக ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்கிய ஊர் இப்போது முழுக்கக் காடு. ஒரே ஒரு கட்டடத்தின் மர முகப்பு மட்டும் முட்டுக்கொடுத்து நிற்கிறது, கொசு வேறு. ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் சாமான் இல்லாமல் அன்று கனடா போலீஸ் எல்லையில் விடவில்லை என்பதால், எல்லைக்குப் போகும் வழியிலுள்ள சில்கூட் கணவாயில் ஒரே ஏற்றத்தைப் பலமுறை ஏறி இறங்கிச் சுமந்திருக்கிறார்கள். அப்புறம் அந்தக் கல்லறைத் தோட்டம். பலகைக்குப் பலகை ஒரே தேதி, 1898 ஏப்ரல் 3. அந்தச் சில்கூட் பாதையில் பனிச்சரிவு நடந்து பலர் இறந்த நாள். பெயர்களை முழுதாக வாசிக்க முடியவில்லை, டாக்சிக்காரரும் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.