புதுப்பிப்பு: மழைநீர்க் குழியில் தண்ணீர் இறங்குகிறது!

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மழைநீர் சேகரிப்புக் குழியில் தண்ணீர் தேங்கியே நிற்கிறது, யாரைக் கூப்பிடுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். வெளியாள் தேவைப்படவில்லை. பதிவைப் பார்த்த எதிர்வீட்டு அண்ணன் கடப்பாரையோடு வந்துவிட்டார்.

மூடியைத் திறந்தால், மேல் மணலில் மாடித் தூசியும் வேப்பிலையும் களிமண் மாதிரி இறுகிக் கிடந்தன. 2003-இல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியபோது போட்ட குழி. அப்புறம் யாரும் எட்டிப் பார்த்த மாதிரி தெரியவில்லை. அந்த மணலை வாரிக் கொட்டிவிட்டுப் புது ஆற்று மணல் போட்டோம். ஜல்லியையும் கூழாங்கல்லையும் கழுவி மறுபடி அடுக்கினோம்: பெரிய கல் அடியில், ஜல்லி நடுவில், மணல் மேலே. மாடிக் குழாய் வாயில் வலை கட்டச் சொன்னது பின்வீட்டு அக்கா. நல்ல யோசனைதான், ஆனால் சருகை அடிக்கடி எடுக்கணும், இல்லையென்றால் மாடியிலேயே குளம் கட்டிவிடும்.

முதல் மழைத் தண்ணீரை உள்ளே விடாதீர்கள் என்று சிலர் சொன்னீர்கள். சரி, அதை வெளியே திருப்ப ஒரு வால்வு வைத்தாயிற்று. போர்வெல் தண்ணீரில் உப்பு குறையுமா என்று கேட்டவருக்கு: வடகிழக்குப் பருவமழை முடியட்டும், சொல்கிறேன்.

ஐப்பசிக்குள் செய்ய நினைப்பவர்கள் மணலைச் சேர்ந்து வாங்குங்கள். சின்ன யானை மினி லாரியில் ஒரு லோடு நாலு வீட்டுக்குத் தாராளம்.