கொரேயா வேண்டுமா, வேண்டாமா?

குழு: ஹூஸ்டன் – நெல்லை குடும்பம்

31 ஜூலை 2025, வியாழன், காலை

அருண்: எழுந்ததும் இதுதான் பேஸ்பால் செய்தி. சியாட்டில் சுவாரெஸை அரிசோனாவிடமிருந்து வாங்கிவிட்டது. இந்த சீசனில் இதுவரை 36 ஹோம் ரன் அடித்தவர். நம்ம ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் வேடிக்கை பார்க்கிறது 😤

சேகர் சித்தப்பா: என்ன வேடிக்கை? பால்டிமோரிடமிருந்து உரியாஸை வாங்கியாச்சே.

அருண்: உரியாஸும் சுவாரெஸும் ஒன்றா சித்தப்பா? அணிகள் ஆள் மாற்றிக்கொள்ள டெட்லைன் இன்று மாலை 5 மணி. மினசோட்டாவிடம் பேசி நம்ம பழைய ஆட்டக்காரர் கொரேயாவைத் திரும்பக் கூட்டி வர வேண்டும்.

சேகர் சித்தப்பா: ஆரம்பிச்சுட்டான். அந்தப் பேச்சு நின்றுபோனதாகச் சொன்னார்கள், நின்றதாகவே இருக்கட்டும். இந்த வருடம் 93 ஆட்டத்தில் 7 ஹோம் ரன், பேட்டிங் சராசரி .267. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

லதா அத்தை: ஐயோ, நம்ம கொரேயாவா! 2017-ல் நம்ம அணி வேர்ல்ட் சீரிஸ் கோப்பை ஜெயித்த கையோடு மைதானத்திலேயே மண்டியிட்டு அந்தப் பெண்ணுக்கு மோதிரம் நீட்டினானே. வரட்டும் ❤️

சேகர் சித்தப்பா: லதா, அவன் மோதிரம் கொடுத்ததற்கு நாம் மூன்றரை வருடம் சம்பளம் கொடுக்கணுமா?

பெரியப்பா: என்ன காலையிலேயே சண்டை? இங்கே சாயங்காலம் ஆச்சு. டிரேட் என்றால் ஏலமா?

வித்யா: ஏலம் இல்லை பெரியப்பா. ஹர்திக்கை குஜராத்திடமிருந்து மும்பை திரும்ப வாங்கியதே, அது மாதிரி. ஆளோடு அவருடைய ஒப்பந்தமும் சேர்ந்து வரும். சிக்கலே அங்கேதான்.

பெரியப்பா: ஹர்திக்கா! வான்கடேயில் சொந்த ஊர் ஜனமே கத்தித் தீர்த்துவிட்டதே.

வித்யா: இங்கே எழுந்து நின்று கைதட்டுவார்கள். வெளியூரில்தான் கத்துவார்கள். 2017-ல் நம் ஆட்கள் எதிரணியின் சிக்னலைக் கேமராவில் பார்த்து, அடுத்து என்ன பந்து வரும் என்று பேட்டருக்குச் சொல்லக் குப்பைத் தொட்டியைத் தட்டிய கதையை யாரும் மறக்கவில்லை. அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள்.

சேகர் சித்தப்பா: அதை விடுங்கள். 2022 டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? சான் பிரான்சிஸ்கோ 13 வருடத்துக்கு 35 கோடி டாலர் என்றது, மெடிக்கலில் கணுக்காலைப் பார்த்ததும் நழுவியது. நியூயார்க் மெட்ஸ் 31.5 கோடி என்றது, அதே கணுக்காலைப் பார்த்து அதுவும் நழுவியது. 2014-ல் கீழ்மட்ட மைனர் லீகில் ஆடும்போது உடைந்து உள்ளே பிளேட் வைத்த கால். கடைசியில் மினசோட்டாதான் 6 வருடத்துக்கு 20 கோடி கொடுத்தது. அந்த டாக்டர்களைவிட நமக்கு அதிகம் தெரியுமா?

வித்யா: சித்தப்பா, மினசோட்டாவில் அவரைப் படுத்தியது பாதத்து வலி. போன வருடம் அதனால் 86 ஆட்டம்தான் ஆடினார். ஆனால் ஆடிய 86-ல் சராசரி .310, சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வு. இந்த வருடம் அடி குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் செப்டம்பரில்தான் 31 வயதாகிறது. ஆட்டமே முடிந்தது என்று எழுதிவிடுகிற வயசில்லை.

அருண்: பரேடெஸ் தொடைத் தசை இழுத்துப் படுத்துவிட்டார். தேர்ட் பேஸில் ஃபீல்டிங்குக்கு யாரை நிறுத்துவது?

சேகர் சித்தப்பா: கொரேயா செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப்டா! இங்கே அது பேன்யாவின் இடம். கொரேயா போன பிறகு வந்து 2022 வேர்ல்ட் சீரிஸில் சிறந்த ஆட்டக்காரர் (எம்விபி) விருது வாங்கிய பையன். கொரேயா மேஜர் லீகில் ஒரு நாள்கூடத் தேர்ட் பேஸில் நின்றதில்லை.

அருண்: நாடுகள் மோதும் 2017 வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக்கில் போர்ட்டோ ரிக்கோவுக்கு நின்றார். ஷார்ட்ஸ்டாப்பில் லிண்டோர், செகண்டில் பாயெஸ், தேர்டில் இவர். அந்த அணி இறுதிப் போட்டி வரை போனது.

சேகர் சித்தப்பா: எட்டு வருடத்துக்கு முன்னால்.

வித்யா: எனக்கு அதில் கவலையே இல்லை. தேர்டில் ஓட வேண்டிய தூரம் குறைவு, இவர் காலுக்கு அது நல்லதுதான். வேகமாக வருவதைப் பிடித்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு நீளமாக எறியணும். எறிகிற கை எங்கும் போய்விடவில்லை. என் கேள்வி பணம். 2028 வரை 10 கோடி டாலருக்கு மேல் பாக்கி. மினசோட்டா அதில் மூன்றில் ஒரு பங்காவது ஏற்றால் வாங்கலாம். இல்லாவிட்டால் நானும் சித்தப்பா கட்சி.

சேகர் சித்தப்பா: இதைக் கேள். பிரெக்மனைப் பாஸ்டனுக்குப் போக விட்டோம், அவன் இந்த வருடம் ஆல்-ஸ்டார். டக்கரைச் சிகாகோவுக்குக் கொடுத்தோம். இப்போது அடி குறைந்தவருக்குப் பெட்டியைத் திறக்கிறோம்.

லதா அத்தை: ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு. கலந்த சாதம் என் வீட்டில். எத்தனை பேர் என்று சொல்லுங்கள். பேஸ்பாலை அப்புறம் பேசலாம்.

அருண்: இரண்டு பேர் அத்தை. எனக்குப் புளியோதரை இரண்டு பங்கு.

மாலை

அருண்: முடிந்ததுஉஉஉ 🧡🧡 கொரேயா வருகிறார்!!!

லதா அத்தை: 🥳🥳🥳

வித்யா: விவரம் வந்துவிட்டது. மினசோட்டா 3.3 கோடி டாலர் கொடுக்கிறது. நாம் கொடுப்பது மிகுல்ஸ்கி, மைனர் லீகில் இடதுகைப் பந்துவீச்சாளர், 26 வயது. அவ்வளவுதான்!

அருண்: தன்னை யாரும் டிரேட் செய்யக் கூடாது என்ற உரிமை அவருக்கு உண்டு. அதை விட்டுக்கொடுத்துத்தான் வருகிறார்.

சேகர் சித்தப்பா: மினசோட்டா இன்று கடையையே காலி பண்ணுகிறது. அதனால்தான் ஆளையும் கொடுத்து மேலே பணமும் கொடுக்கிறது. 3.3 கோடி பரவாயில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீதி 7 கோடி நம் தலையில். அடுத்த வருடம் பரேடெஸ் குணமாகி வந்தால் எங்கே நிறுத்துவாய்? ஃபர்ஸ்டில் வாக்கர், ஷார்ட்டில் பேன்யா, செகண்டும் லெஃப்ட் ஃபீல்டுமாக ஆல்துவே. இருக்கிற நாற்காலி நாலு.

வித்யா: அது நியாயமான கேள்வி. பரேடெஸை விற்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மேற்குப் பிரிவில் முதலிடத்தில் இருக்கும்போது ஆகஸ்ட் முழுக்கத் தேர்ட் பேஸைத் திறந்துபோட்டு வைக்க முடியாது. அதே பிரிவில் இருக்கும் சியாட்டில் சும்மா இருக்கப் போவதில்லை.

பெரியப்பா: தூங்கி எழுந்து பார்த்தால் ஃபோன் நிரம்பி வழிகிறது. வாங்கியாச்சா இல்லையா?

அருண்: வாங்கியாச்சு பெரியப்பா! நாளைக்குப் பாஸ்டனில் ஆட்டம். 11-ஆம் தேதி பாஸ்டன் இங்கே வருகிறது. அவர்கள் பக்கம் பிரெக்மன், நம் பக்கம் கொரேயா. டிக்கெட் பார்க்கிறேன், யார் யார் வருகிறீர்கள்?

லதா அத்தை: நான் வருகிறேன் 🙋‍♀️

சேகர் சித்தப்பா: எனக்கும் ஒன்று போடு. தேர்ட் பேஸ் பக்கமாகப் பார்த்து எடு, பந்தை விட்டால் பக்கத்திலிருந்தே திட்டணும்.