கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகள்: எழுதியவர் யார் என்று பார்த்திருக்கிறீர்களா?

இசைக் கலைஞர்கள், நடனக் கலைஞர்கள் பற்றிய புத்தகங்களைத் தேடித்தேடிப் படிக்கிறவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். 'கட்டாயம் படிக்க வேண்டிய பத்து' மாதிரிப் பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. ஒரு புத்தகத்தைப் படித்து முடித்ததும், அந்தக் கலைஞரைவிட அதை எழுதியவர் மீதோ தொகுத்தவர் மீதோ உங்கள் கவனம் போன அனுபவம் உண்டா? அதைச் சொல்லுங்கள்.

நானே தொடங்கிவைக்கிறேன். எனக்கு அப்படி அமைந்தது நிஜின்ஸ்கியின் நாட்குறிப்பு. ரஷ்ய பாலே உலகின் உச்சத்தில் இருந்த அந்த மனிதர் 1919-ல் சுவிட்சர்லாந்தில் இருந்தபோது ஆறு வாரம் போல விடாமல் எழுதியது. மனம் கட்டுக்குள் இருந்து நழுவிக்கொண்டிருந்த நேரம், அது அவருக்கே பாதி தெரிந்தும் இருந்தது. அதை 1936-ல் முதலில் வெளியிட்டவர் அவருடைய மனைவி ரொமோலா. நான் முதலில் படித்தது அந்தப் பதிப்பைத்தான். படிக்கும்போது எனக்குக் கிடைத்தது ஒரு ஞானி: அன்பு, கடவுள், உலகத்தின் துன்பம் என்று மென்மையாகப் பேசிக்கொண்டே போகிறார். வெட்டப்படாத முழு வடிவம் பிரெஞ்சில் 1995-லும் ஆங்கிலத்தில் 1999-லும் வந்தது. அதையும் வாங்கிப் படித்தேன், ஆள் வேறு! சொன்னதையே திரும்பத்திரும்பச் சொல்கிறார், உடம்பைப் பற்றியும் காமத்தைப் பற்றியும் கூச்சமே இல்லாமல் எழுதுகிறார், தன்னை வளர்த்துவிட்ட பாலே குழுத் தலைவர் தியாகிலெவ் மீது எரிந்து விழுகிறார், பங்குச்சந்தையை ஒழித்துக்கட்டுவேன் என்கிறார். ரொமோலா கிட்டத்தட்ட நாற்பது சதவீதத்தை எடுத்துவிட்டார், வரிசையையும் மாற்றியிருந்தார். கடிதங்கள் நிறைந்த நான்காவது நோட்டு முழுக்கவே காணோம்.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன்: 1936-ல் நிஜின்ஸ்கி உயிரோடுதான் இருக்கிறார், மனநோய்ச் சிகிச்சையில் (1950-ல்தான் இறந்தார்), பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த இடத்தில் இருக்கும் மனைவி எதை அச்சுக்குக் கொடுப்பாள்? இன்றும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் எந்தக் கலைஞரின் வரலாற்றைக் கையில் எடுத்தாலும், எழுதியவர் அவருக்கு என்ன உறவு என்பதை இப்போதெல்லாம் முதலில் பார்த்துவிடுகிறேன்.

* * *

ரொமோலாவாவது வெட்டினார். சேர்த்தவர் கதையை நான் சொல்கிறேன்.

பியானோ கற்றுக்கொண்டிருந்த நாளில் பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதையை நானும் கேட்டேன். அந்த முதல் நான்கு சுரங்கள் "விதி கதவைத் தட்டுகிறது" என்று அவரே சொன்னாராம். அதே மாதிரி, ஒரு சொனாட்டாவுக்குப் பொருள் கேட்டதற்கு ஷேக்ஸ்பியரின் 'டெம்பஸ்ட்' நாடகத்தைப் படி என்றாராம். இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்று ஒரு புத்தகத்தின் வழியாகத் தேடிப்போனால், இரண்டும் ஒரே ஆளிடம் போய் நிற்கின்றன: அன்டன் ஷிண்ட்லர். பேத்தோவனுக்குக் கடைசிக் காலத்தில் செயலாளர் மாதிரி இருந்தவர், 1840-ல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டவர்.

இங்கேதான் உரையாடல் நோட்டுகள் வருகின்றன. பேத்தோவனுக்குக் காது கேட்காமல் போனதால் 1818 முதல் வருகிறவர்கள் தாங்கள் சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டுவார்கள். அவர் பெரும்பாலும் வாயால்தான் பதில் சொல்வார். அதனால் அந்த நோட்டுகளைப் படிப்பது, பக்கத்தில் யாரோ போன் பேசுவதை ஒரு பக்கம் மட்டும் கேட்கிற மாதிரி இருக்கும். சமையல்காரி, மருந்து, பணம், தம்பி மகன் கார்ல் என்று எல்லாம் இருக்கும், பேத்தோவன் மட்டும் இருக்க மாட்டார்! 1827-ல் அவர் இறந்ததும் நோட்டுகள் ஷிண்ட்லர் கைக்குப் போயின, 1846-ல் பெர்லின் அரச நூலகத்துக்கு விற்றார். 1970-களில் அவற்றை முறையாகப் பதிப்பித்துக்கொண்டிருந்தவர்கள், ஷிண்ட்லர் கையெழுத்தில் உள்ள ஏராளமான வரிகள் பேத்தோவன் இறந்த பிறகு, காலியாக இருந்த இடங்களில் எழுதிச் சேர்க்கப்பட்டவை என்று கண்டுபிடித்து 1977-ல் அறிவித்தார்கள். ஒன்றிரண்டு இல்லை, நூற்றைம்பதுக்கும் மேல். தான் பேத்தோவனுக்கு ரொம்ப நெருக்கம், அவர் தன்னிடம்தான் இசையைப் பற்றி மனம் விட்டுப் பேசினார் என்று காட்டத்தான் இவ்வளவும்.

ஏமாற்றுக்காரன் என்று தூக்கிப் போட்டுவிடலாம்தான். ஆனால் அந்த மனிதர் உண்மையிலேயே அங்கே இருந்தார், கடைசி நாட்களில் ஓடியாடி வேலை செய்தார். அதனால் அவர் சொன்னதில் எது நிஜம், எது கயிறு என்று பிரிக்கவே முடியவில்லை. இருநூறு வருடமாக அந்த நான்கு சுரங்களை 'விதி' என்றே கேட்டுவிட்டோம். இப்போது எப்படிக் கேட்டாலும் என் காதில் கதவு தட்டும் சத்தம்தான் விழுகிறது, போக மாட்டேன் என்கிறது.

* * *

எனக்கு இந்தத் துப்பறியும் வேலையே அலுப்பாக இருக்கிறது, மன்னிக்கவும். உறவுக்காரர் எழுதினால் பூசி மெழுகுவார், வெளியாள் எழுதினால் வம்பு எழுதுவார். இது தெரிந்ததுதானே? மோட்சார்ட்டுக்கு முதல் பெரிய வரலாறுகளில் ஒன்றை எழுதியவரே அவர் மனைவி கான்ஸ்டன்ஸின் இரண்டாவது கணவர் நிஸ்ஸன். அவரும் இறந்த பிறகு 1828-ல் அந்த அம்மாள்தான் அதை வெளியிட்டார். அதற்காக அதில் இருக்கும் கடிதங்களைப் படிக்காமல் விடுவோமா?

நான் இந்தப் புத்தகங்களைப் படிப்பது ஒரே காரணத்துக்காக: இவர்கள் எப்படிச் சாதகம் செய்தார்கள், எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வகையில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது நமிதா தேவிதயாள் எழுதிய 'தி மியூசிக் ரூம்'. பத்து வயதில் பம்பாயில் தோண்டுதாய் குல்கர்னியிடம் இந்துஸ்தானி பாட்டு கற்கப் போன பெண் வளர்ந்து எழுதியது. தோண்டுதாயின் குரு கேசர்பாய் கேர்கர். 1977-ல் வாயேஜர் விண்கலத்தில் போன தங்கத்தட்டில் ஒலிக்கும் அந்தப் பைரவி அவர் பாடியதுதான். பாட்டை எளிதில் வெளியே விடாத மனுஷி, ஒலிப்பதிவுக்கும் வானொலிக்கும் அவ்வளவு சுலபமாக இசைய மாட்டார். அப்படிப்பட்டவரிடம் ஒரு மாணவி தாக்குப்பிடித்துக் கற்றதை, அந்த மாணவியின் மாணவி எழுதுகிறார். ஒரே சுரத்தை நாள்கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பது பற்றிய பக்கங்கள், கற்றுக்கொள்கிற யாருக்கும் புரியும். சிஷ்யை எழுதியதால்தான் அது கிடைத்தது. பத்திரிகைக்காரர் பேட்டி எடுத்து வந்திருந்தால் விருதுகளின் தேதி மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

* * *

மேலே சொன்னதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். சிஷ்யர் எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்மிடமே பெரிய உதாரணம் இருக்கும்போது ஏன் வியன்னா வரைக்கும் போக வேண்டும்?

உ.வே.சாமிநாதையரை ஏட்டுச்சுவடிகளோடு மட்டும் சேர்த்தே நினைக்கிறோம். அவர் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் மூன்று பேரைப் பற்றியும் தனித்தனியாக எழுதியிருக்கிறார், 'சங்கீத மும்மணிகள்' என்று சேர்த்தும் கிடைக்கிறது. எனக்குப் பிடித்தது கோபாலகிருஷ்ண பாரதியார். உ.வே.சா.வே மாயூரத்தில் அவரிடம் கொஞ்ச காலம் பாட்டு கற்றவர். அதே நேரம் தமிழ் கற்றது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம். சங்கீதத்தில் புத்தி போனால் இலக்கண இலக்கியத்தில் ஆழமாகப் போகாது என்பது பிள்ளையின் எண்ணம், அதோடு பாட்டுப் பாடம் நின்றுபோனது. 'என் சரித்திர'த்தில் இதைப் படிக்கும்போது அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் நமக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் (நூலைப் பாராட்டி முன்னால் சேர்க்கும் பாட்டு) கேட்டுப் பாரதியார் பிள்ளையிடம் பல முறை வருகிறார். அதில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்பதால் பிள்ளைக்கு மனம் இல்லை, தள்ளிக்கொண்டே போகிறார். ஒரு நாள் பிள்ளை உள்ளே படுத்திருக்க, வெளியே காத்திருந்த பாரதியார் தன் கீர்த்தனைகளைப் பாட ஆரம்பிக்கிறார். உள்ளே இருந்தவர் உருகிப்போய் எழுந்து வந்து பாயிரம் கொடுத்துவிடுகிறார். இரண்டு பேருமே எழுதுகிறவருக்கு ஆசிரியர்கள் என்பதை நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். பிள்ளை தயங்கியதையும் மறைக்கவில்லை, பாட்டில் பிழை இருந்ததையும் மறைக்கவில்லை, ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்தவும் இல்லை. ஷிண்ட்லர் கையில் இந்தச் சம்பவம் கிடைத்திருந்தால் சமாதானம் செய்துவைத்ததே ஷிண்ட்லர்தான் என்று ஆகியிருக்கும்!

* * *

வெட்டுவது பற்றிப் பேச்சு வந்ததால்: பெங்களூர் நாகரத்தினம்மாள். வி.ஸ்ரீராம் 2007-ல் ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்றைப் படித்தேன். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் கட்டியவர் என்ற அளவில்தான் அதுவரை அவரைத் தெரியும். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துபழனி என்ற பெண் தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' காவியத்தின் அச்சுப்பிரதி ஒன்று அவருக்குக் கிடைக்கிறது, பார்த்தால் பல பாடல்களைக் காணோம். அசல் சுவடியைத் தேடிப்பிடித்து 1910-ல் ஒரு வரி விடாமல் பதிப்பிக்கிறார். ஒரு தேவதாசி எழுதியதை இன்னொரு தேவதாசி வெளியிடுகிறாள் என்று பெரிய மனிதர்கள் கூச்சல் போட, அரசு ஆபாசம் என்று தடை விதித்தது. தடை நீங்கியது பிரகாசம் முதலமைச்சராக இருந்தபோது, நாடு விடுதலை அடையும் தறுவாயில். ரொமோலா வெட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் இந்த அம்மாள் வெட்டியதை ஒட்டியதற்காகத் தடையைச் சுமந்துகொண்டிருந்தார்.

பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி பற்றி டக்ளஸ் நைட் எழுதியதும் (2010) இந்த வரிசையில் வரும். அவர் பாலாவின் மருமகன், மிருதங்கம் வாசிப்பவர். குடும்பத்தார் எழுதியதுதான், பாசம் தெரியத்தான் செய்கிறது. ஆனால் வீணை தனம்மாளிடமிருந்து பாலா வரைக்கும் அந்த வீட்டுப் பெண்களிடையே பாட்டும் ஆட்டமும் எப்படி ஒன்றாகவே இருந்தன என்பதை வெளியாள் ஒருவர் இந்த அளவுக்கு எழுதியிருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. மாறாக, எம்.எஸ்.சுப்புலட்சுமி பற்றி டி.ஜே.எஸ்.ஜார்ஜ் 2004-ல் எழுதியது முழுக்க வெளியாளின் புத்தகம். பாடகர் ஜி.என்.பி.க்கு (ஜி.என்.பாலசுப்பிரமணியம்) எம்.எஸ். எழுதிய கடிதங்கள் அதில் வெளிவந்தன. அதைப் படித்தபோது, தெரிந்துகொண்டது நல்லதா, அவருடைய கடிதத்தை நான் படித்திருக்கவே கூடாதா என்று ஒரு சங்கடம். இரண்டு பக்கமும் வாதாட என்னால் முடியும், அதனால் விட்டுவிடுகிறேன்.

* * *

எல்லாரும் மேடையில் இருந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். வாத்தியம் செய்தவர்களைப் பற்றி யார் எழுதினார்கள்? டி.எம்.கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) படித்தபோதுதான் இந்தக் கேள்வியே எனக்கு வந்தது. மிருதங்கத்தில் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் இருக்கிறது. அதை அறுத்து, பதப்படுத்தி, வாரிழுத்து, சோறு (கருப்பாக நடுவில் இருக்கிறதே, அது) போட்டுச் சுருதி சேர வைக்கிற பரம்பரைகள், பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள், மிருதங்க மேதைகளின் வரலாறுகளில் ஒரு வரியாகக்கூட வரமாட்டார்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரும் அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்தும் சேர்ந்துதான் அந்த நாதத்தைக் கண்டுபிடித்தார்கள் என்ற அளவுக்கு உழைப்பு இருவருடையதும். புத்தகம் எனக்குச் சில இடங்களில் நீளம், சொன்னதையே சொல்கிறது. ஆனாலும் அதற்கப்புறம் தனி ஆவர்த்தனம் கேட்கும்போது வலந்தலை (மிருதங்கத்தின் வலப்பக்கம்) யார் கையால் வந்தது என்ற நினைப்பு வருகிறது.

நாதஸ்வரத்துக்கும் இதே கதைதான். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எல்லாரும் சொல்வார்கள். சுருதி தாழ்ந்த அந்த நீளமான பாரி நாயனத்தை அவருக்காகச் செய்துகொடுத்த நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியை எத்தனை பேர் சொல்கிறார்கள்? நாயனக்காரர்கள், தவில்காரர்கள் பற்றித் தெரிந்துகொள்ள பி.எம்.சுந்தரத்தின் 'மங்கல இசை மன்னர்கள்' கையில் இருக்க வேண்டும். அவரும் வெளியாள் இல்லை, தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மகன். ஒரே மூச்சில் படிக்கிற புத்தகம் இல்லை அது, கச்சேரி ஒன்றைக் கேட்டுவிட்டு அந்த ஆளின் பக்கத்தை மட்டும் புரட்டினால் ருசிக்கும். தமிழில் யாராவது ஆசாரிகளைப் பற்றித் தனியாக எழுதியிருந்தால் சொல்லுங்கள், வாங்கிவிடுகிறேன்.

* * *

ஆசாரிகளைப் பற்றித் தனிப் புத்தகம் என் கண்ணில் படவில்லை. யாராவது அந்தக் குடும்பங்களோடு பழகியவர்கள் இருந்தால் நீங்களே எழுதத் தொடங்குங்கள், சும்மா சொல்லவில்லை.

பேத்தோவன் நோட்டுகளை நேரடியாகப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: ஜெர்மனில் பதினோரு தொகுதிகள் இருக்கின்றன, தியோடோர் ஆல்பிரெக்ட் 2018 முதல் ஆங்கிலத்தில் கொண்டுவந்துகொண்டிருக்கிறார். ஷிண்ட்லர் பின்னால் செருகியவை எவை என்று அதில் அடையாளம் காட்டியிருக்கிறார்கள், அதனால் பயமில்லாமல் படிக்கலாம். முதல் தொகுதியில் சாப்பாட்டுக் கணக்கும் வாடகைத் தகராறும்தான் அதிகம், இசையைத் தேடிப்போனால் பொறுமை போய்விடும். கார்லைத் தன்னோடு வைத்துக்கொள்ள நடந்த வழக்கு வரும் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.