பூநாரை பறக்கும் படம் மங்கலாக வருகிறது: உதவி தேவை

கேள்வி: வணக்கம், எனக்கு ஊர் சூலூர்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில், ஸ்ரீஹரிகோட்டா சாலையில் நின்று பழவேற்காடு ஏரிப் பூநாரைகளை எடுத்தேன். இரவல் கேமரா, 70-300 லென்ஸ். இருநூறு படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பறவை கறுத்து, மங்கிக் கிடக்கிறது. லென்ஸ் துவாரம் எஃப் 11, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 100 வைத்தேன். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 வினாடி என்று கேமரா காட்டுகிறது. ஐஎஸ்ஓ குறைவாக இருந்தால் நல்லதென்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: தம்பி, நிற்கிற பறவைக்கு அது சரி. பறக்கிற பறவைக்கு ஷட்டர்தான் முதலில். எஃப் 11-ஐ எஃப் 5.6 ஆக்கினால் நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், ஷட்டர் 1/1000 ஆகும். ஐஎஸ்ஓ 400 வைத்தால் 1/4000. கறுப்பாக வருவதற்குக் காரணம் தண்ணீர். ஃபிரேம் முழுக்கப் பளபளப்பதைப் பார்த்து கேமரா எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்கிவிடுகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளஸ் மைனஸ் பொத்தானில் +1 வையுங்கள். ஷட்டர் 1/2000-க்கு இறங்கும், அது தாராளம்.

அப்புறம் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கே கூர்மையாக இருக்கிறது?

கேள்வி: பார்த்தேன் அண்ணா. சிலவற்றில் உடம்பு தெளிவு, இறக்கை நுனி மட்டும் இழுபட்டிருக்கிறது. பலவற்றில் பறவை மங்கல், முன்னால் உள்ள கரைப் புல் ஊசி மாதிரி தெரிகிறது.

பதில்: அப்படியானால் இரண்டு கோளாறு. இறக்கை இழுபட்டது ஷட்டரால். புல் தெளிவாக இருப்பது ஃபோகஸ் தவறியதால். அதை ஷட்டர் சரிசெய்யாது. எல்லா ஃபோகஸ் புள்ளிகளையும் கேமராவிடம் விட்டால் பெரும்பாலும் அருகில் இருப்பதைத்தான் பிடிக்கும். நடுப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் போடுங்கள். சில கேமராவில் ஏஎஃப்-சி, கேனனில் ஏஐ சர்வோ. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியபடியே பறவையோடு திரும்புங்கள்.

இன்னொருவர் பதில்: நான் பழவேற்காட்டுப் பக்கம். நேரத்தையும் மாற்றுங்கள். பதினொரு மணிக்குத் தண்ணீர்மேல் கானல் எழும்பும். தூரத்துப் பறவையின் கால் நெளிநெளியாகத் தெரியும். எந்த லென்ஸும் அதைத் தாண்டாது. நான் விடிந்ததும் போய் எட்டரைக்குள் முடித்துவிடுவேன்.

கேள்வி: இன்று ஆறரைக்கே போனேன். வெளிச்சம் குறைவு, அதனால் ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றினேன். கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கிறது, பரவாயில்லை. ஒரு படத்தில் விரிந்த இறக்கையின் சிவப்பும் அதன் ஓரக் கறுப்பும் தனித்தனியாகத் தெரிகின்றன. வளைந்த அலகின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். இருவருக்கும் மிக்க நன்றி அண்ணா.