மகனைத் தியத்தலாவைக்கு அனுப்பிய பிறகு

என் மூத்தவன் இராணுவ அதிகாரிப் பயிற்சிக்காகத் தியத்தலாவையில் இருக்கிறான். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழ் அம்மா இதை வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு தயங்க வேண்டியிருக்கிறது என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளையைப் பிரிந்த தவிப்பு எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது என்பதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஆமி, அதாவது இராணுவம், என்றாலே பயம். 83 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தை நேரில் பார்த்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். தொண்ணூறுகளில் அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டுதான் காலி வீதியில் நடப்போம். தம்பியை அம்மா நகையை விற்று லண்டனுக்கு அனுப்பினார். ஆனால் 2009இல் போர் முடிந்தபோது என் மகன் பாலர் பாடசாலைப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் மாணவர் படையணியில் இருந்தான், சிங்களமும் தமிழும் ஒன்றுபோலப் பேசுவான். விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் எங்களிடம் சொன்னான். என் கணவருக்கும் எனக்கும் பல இரவு தூக்கமில்லை. கடைசியில் அவர்தான் சொன்னார், "அவன் தெரிஞ்சு எடுத்த முடிவு, நாங்கள் பின்னால நிற்போம்" என்று.

அவன் போன பிறகு உறவுக்காரர் சிலர் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். பெரியம்மா இன்றுவரை அவன் பெயரை எடுப்பதில்லை. அவருடைய வலி எனக்குப் புரிகிறது, கோபமில்லை. ஆனால் நல்லது கெட்டது எல்லாவற்றையும் சொல்லிப் பழகிய வீடுகளில் இதைப் பற்றி மட்டும் கதைக்க முடியாமல் போனது நெஞ்சை அடைத்தது.

எனக்கு ஆறுதல் நினைத்தே பார்க்காத இடத்திலிருந்து வந்தது. பிள்ளைகளை விடப் போன அன்று குருநாகலிலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மா என் பக்கத்தில் நின்றார். என் சிங்களம் சந்தைக்குப் போதுமான சிங்களம்தான். அதுவே போதுமாக இருந்தது. ஆமியில் இருந்த அவருடைய அண்ணா 2000ஆம் ஆண்டு ஆனையிறவுச் சண்டையில் இறந்தவராம். மகன் ஆமிக்குப் போவதாகச் சொன்னபோது அவருடைய அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே போருக்குப் பயந்து வளர்ந்திருக்கிறோம், வேறு வேறு பக்கத்திலிருந்து. இப்போது ஞாயிறு தோறும் பேசிக்கொள்கிறோம். என் மகனிடமிருந்து செய்தி இல்லாத நாளில் அவர் மகன் சொன்னதை எனக்குச் சொல்வார். நானும் அப்படித்தான்.

முதல் வாரங்களில் பிள்ளைகளின் கையில் போன் இல்லை. அந்த மௌனம்தான் கொல்லும். தெருவில் எந்தப் பையன் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாலும் திரும்பிப் பார்ப்பேன். மகன் வேலை முடிந்து வரும் மாலை நேரம் மிகவும் மோசம். அந்த நேரத்தில் வீட்டில் இருக்காமல் கடற்கரையோரம் தண்டவாளத்தை ஒட்டி நடப்பேன், இல்லாவிட்டால் மாணிக்கப் பிள்ளையார் கோயிலுக்குப் போவேன். கண்ணீர் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். தைரியமாக இரு என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது: அழுதுகொண்டே சமைக்கலாம், வேலைக்கும் போகலாம்.

கடிதம் எழுதுவது நிறைய உதவியது. வீட்டில் நடக்கும் சின்ன விஷயங்களைத்தான் எழுதுவேன். கீழ்மாடியில் தண்ணீர் மோட்டார் பழுது, இடியப்பக் கடை இடம் மாறியது, இப்படி. "நீ இல்லாமல் வீடு வெறிச்சோடிப் போச்சு" என்று எழுத மாட்டேன். அவன் அங்கே ஓடிக் களைத்துப் படுக்கும் நேரத்தில் எங்களையும் தூக்கிச் சுமக்கக் கூடாது. அந்தப் பாரத்தை அவன் அப்பாவிடம் இறக்குகிறேன், குருநாகல் அக்காவிடம் இறக்குகிறேன்.

சின்னவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் அவனை நினைத்துக்கொண்டிருக்க, அவள் படிப்பில் மனமில்லாமல் இருந்தாள். அண்ணாதான் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன். ஒரு பிள்ளை போனால் மற்றப் பிள்ளையும் யாரையோ இழந்து நிற்கிறது. கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள், கேட்டுக்கொண்டே இருங்கள்.

பிறகு பார்க்க அனுமதி கிடைத்தது. ரயிலில் போனோம், ஹப்புத்தளை தாண்டி அடுத்தது தியத்தலாவை. நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கும் ஊர், கொழும்பு உடம்புக்கு அந்தக் குளிர் சும்மா இல்லை. கறுத்து, மெலிந்து, நிமிர்ந்து வந்தான். ஒரு கணம் வேறு யாரோ பிள்ளை போலத் தெரிந்தது. அப்புறம் தங்கையின் தலையில் தட்டி, "கணக்கு எத்தனை?" என்று கேட்டான், சரி, என் பிள்ளைதான்.

அடுத்த அணியில் பிள்ளையை அனுப்பப் போகும் தமிழ்க் குடும்பங்கள் கொழும்பில் இருந்தால், சொந்தபந்தம் என்ன சொல்லும் என்று ஒளித்து வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு நான் கோயிலில் இருப்பேன். வந்து கதையுங்கள்.