ஏற்காட்டில் வைட்டல் கெப்பாசிட்டி குறைவாக வருவது ஏன்?

கேள்வி:
வணக்கம். ஒரே நீர் ஸ்பைரோமீட்டர் (ஊதும் காற்றைத் தண்ணீர்மேல் பிடித்து அளக்கும் கருவி), ஒரே ஆள். சேலத்தில் 34 டிகிரியில் வைட்டல் கெப்பாசிட்டி (முழுக்க இழுத்து முழுக்க ஊதும் காற்றின் அளவு) 3.9 லிட்டர். மறுநாள் ஏற்காட்டில் 20 டிகிரியில் 3.6. மிச்சம் 300 மில்லி எங்கே? உயரம்தான் காரணமா? ரெசிடுவல் வால்யூமையும் (முழுக்க ஊதிய பிறகும் நுரையீரலில் தங்கும் காற்று) இதே கருவியில் எடுக்கலாமா?

பதில் 1:
உயரம் இல்லைங்க, குளிர். நுரையீரலை விட்டு வரும் காற்று 37 டிகிரி, ஈரம் நிறைந்தது. கருவிக்குள் வந்ததும் ஆறிச் சுருங்கிவிடும். ஈரத்தில் ஒரு பங்கும் தண்ணீராகிவிடும். ஸ்கேல் காட்டுவது அந்தச் சுருங்கிய அளவைத்தான். உடம்புச் சூட்டுக்கு மாற்ற, சேலத்து 34 டிகிரிக்கு 1.02 ஆல் பெருக்குங்கள்: 3.98 லிட்டர். ஏற்காட்டு 20 டிகிரிக்கு 1.11: 4.0 லிட்டர். நுரையீரல் அப்படியேதான் இருக்கிறது.

இந்தப் பெருக்கும் எண்களுக்கான அட்டவணையில் 20 டிகிரிக்கு 1.10 என்றிருக்கும்; அது கடல்மட்ட 760 மி.மீ. பாதரசத்துக்கு. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அழுத்தம் 635 பக்கம். உயரத்தின் பங்கு அந்த 0.01 மட்டுமே. மலையில் உண்மையில் குறைவது ஆக்சிஜன் அழுத்தம்: மூச்சுக்குழாயில் கடல்மட்டத்தில் 150 என்றால் அங்கே 123.

பதில் 2:
சார் சொன்னது சரி. ஒன்று கவனிங்க: சுவர் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பெருக்கும் எண்ணை எடுக்காதீங்க, கருவிக்குள் இருக்கும் வெப்பநிலைதான் கணக்கு. சேலத்துத் தண்ணீரையே கேனில் மேலே கொண்டுபோய் ஊற்றினால், அது ஆறும்வரை 1.11 செல்லாது. மூக்குக்கு கிளிப் போட்டே ஆகணும், உதட்டோரம் காற்று கசியக் கூடாது. இரண்டு ஊரிலும் ஒரே நிலையில், நின்றோ உட்கார்ந்தோ எடுங்க. மூன்று முறையாவது ஊதவிட்டு, பெரிய இரண்டும் 150 மில்லிக்குள் ஒத்துவந்தால் பெரியதை எழுதுங்க.

பதில் 3:
ரெசிடுவல் வால்யூம், சுமார் 1.2 லிட்டர், எவ்வளவு முக்கி ஊதினாலும் வெளியே வராது. வராத காற்றை ஸ்பைரோமீட்டர் எப்படி அளக்கும்? ஹீலியம் வேண்டும். கருவியில் 10 சதவீத ஹீலியம் கலந்த 2.3 லிட்டர் காற்று. சாதாரண மூச்சை விட்டு முடித்த அந்த நொடியில் குழாயைத் திறந்து, சோடா லைம் (கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் பொருள்) வைத்து மூச்சுவிடச் சொல்லுங்கள். ஹீலியம் 5 சதவீதத்தில் நின்றால், அதாவது இரு மடங்கு காற்றில் பரவினால், திறந்தபோது நுரையீரலுக்குள் இருந்ததும் 2.3 லிட்டர். அதில் எக்ஸ்பிரேட்டரி ரிசர்வ் (சாதாரண மூச்சை விட்ட பிறகும் முக்கி ஊதக்கூடிய காற்று) 1.1 கழித்தால் 1.2. மூச்சின் நடுவில் திறந்துவிட்டால், அப்போது உள்ளே கூடுதலாக இருக்கும் காற்று அத்தனையும் கணக்கில் சேர்ந்துவிடும். எம்ஃபிசீமா (நுரையீரலின் காற்றுப் பைகள் சிதையும் நோய்) உள்ளவரிடம் அடைபட்ட பைகளுக்குள் ஹீலியம் நுழையாது, அளவு குறைத்துக் காட்டும். அவர்களுக்கு பாடி பிளெதிஸ்மோகிராஃப்தான் (மூடிய பெட்டிக்குள் உட்காரவைத்து, அழுத்த மாற்றத்தால் நுரையீரல் காற்றை அளக்கும் கருவி) சரி.